நல்லா உழைக்குமா?

துணிக்கடைகளில் ஒரு கேள்வி காணாமல் போய்விட்டது. கவனித்தீர்களா?

முன்பெல்லாம் கடைக்காரர் ஒரு துணியை உதறிப் போட்டால், அம்மாக்கள் முதலில் அதன் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிப் பார்ப்பார்கள். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை நெருக்கமாக இருக்கிறதா என்று ஆராய்வார்கள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும். “ஏம்ப்பா, இது நல்லா உழைக்குமா?” கடைக்காரரும் சளைக்காமல் சொல்வார்: “தைரியமா எடுத்துட்டுப் போங்கம்மா. பெரியவன் போட்டு, சின்னவனும் போடலாம்.”

இன்றைக்கு நாம் கேட்பதெல்லாம் வேறு. “ஆஃபர் இருக்கா?” “இதே மாடல்ல வேற கலர் வருமா?” “பிடிக்கலேன்னா ரிட்டர்ன் பண்ணலாமா?” எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. செல்போன் திரையில் தெரியும் சட்டையை எப்படிக் கசக்கிப் பார்ப்பது?

‘உழைக்கும்’ என்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். மனிதர் பாடுபடுவதற்கும், துணி நீண்ட நாள் தாங்குவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். வெயிலில் நிற்கிறவரும் உழைக்கிறார், அவர் போட்டிருக்கிற சட்டையும் உழைக்கிறது. ‘உடைச் செலவில் மிச்சம் பிடிக்க பத்து வழிகள்’ என்று வருகிற கட்டுரைகள் இந்த இரண்டு உழைப்பையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. அவை உங்கள் பீரோவைத் திறந்து பார்க்கின்றன. உங்கள் பர்ஸைத் திறந்து பார்க்கின்றன. அத்தோடு கதவைச் சாத்திவிடுகின்றன. எனக்கு அவற்றின் மேல் இருக்கிற மனக்குறை அதுதான்.

ஒரு சட்டையின் கணக்கு உங்கள் பீரோவோடு முடிவதில்லை. அதைச் சொல்ல, உங்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

*

ஊர் இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆரோவில்லை ஒட்டினாற்போல் இருக்கிற கிராமம். சுற்றிலும் செம்மண். வெள்ளை வேட்டியில் போனவர் காவி வேட்டியில் திரும்பலாம். துணிக்கு இதைவிடக் கறாரான பரீட்சை வேறு கிடையாது.

இந்தச் செம்மண்ணில் இரண்டு வகை உடைகளைப் பார்க்கலாம். ஒன்று, ஓடுகிறவர்களின் உடை. 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் இங்குள்ள காட்டுப் பாதைகளில்தான் நடந்து வந்திருக்கிறது. முதல் பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடுங்கள் என்பதுதான் கொள்கை. நல்ல கொள்கை. ஆனால், அதற்காக வெளியூரிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்கள் உடம்பில் மாட்டியிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். வியர்வை உறிஞ்சும் டி-ஷர்ட், ஒட்டிப் பிடிக்கும் டைட்ஸ், தனி சாக்ஸ், தனித் தொப்பி. சந்தோஷம் இலவசம்தான். அதை அனுபவிக்கப் போடும் உடைக்கு ஐந்தாயிரம் ஆகிறது.

இன்னொன்று, வேலைக்குப் போகிறவர்களின் உடை. தோட்ட வேலை, கட்டட வேலை, பட்டறை வேலை என்று காலையில் கிளம்புகிறவர்கள் போட்டிருப்பது. அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். ரோட்டோரமாகவே உப்பளம். அங்கே பாத்திகளுக்கு நடுவில் உப்பு வாருகிற, சுமக்கிற பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை. தலையில் சுற்றிய துண்டு, அதன் மேல் உப்புக் கூடை.

நாம் காசு கொடுத்து வியர்க்கிறோம். அவர்கள் காசுக்காக வியர்க்கிறார்கள். இரண்டு வியர்வைக்கும் உப்பு ஒன்றுதான். ஆனால், அந்த இரண்டு உடைகளில் எது புத்திசாலித்தனமானது?

*

முதலில் நம் உடையை விசாரிப்போம்.

உடற்பயிற்சி உடை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். கூடவே கொஞ்சம் எலாஸ்டேன். லைக்ரா என்று நாம் சொல்கிறோமே, அதுதான். 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய நூல். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும்.

பாலியஸ்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தண்ணீரைக் குடிக்காது. வியர்வை துணியின் மேற்பரப்பில் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். பருத்தி அப்படியில்லை. குடித்து, கனத்து, உடம்போடு ஒட்டிக்கொண்டு, பத்து கிலோமீட்டர் ஓடினால் அக்குளில் தோலை உராய்ந்துவிடும். ஆகவே நீண்ட தூரம் ஓடுகிறவர் பாலியஸ்டர் போடுவது வெறும் பந்தா அல்ல. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், விளம்பரம் சொல்லாத இன்னொரு குணமும் அதற்கு உண்டு. தண்ணீரை ஒட்டவிடாத பாலியஸ்டர், உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 2014-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவிட்டு, அவர்கள் கழற்றிப் போட்ட டி-ஷர்ட்களை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து, பயிற்சி பெற்றவர்களை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். (பாவம்தான்!) பருத்தியைவிட பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றத்துக்குக் காரணமான ஒருவகை பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. நீங்கள் ஜிம் டி-ஷர்ட்டைத் துவைத்த பிறகும் மறுநாள் பத்து நிமிஷத்தில் வாடை வருகிறதே, அது உங்கள் குற்றம் அல்ல.

அடுத்து நாம் என்ன செய்கிறோம்? வாடை போக இன்னும் கொஞ்சம் சோப்புத் தூள். இன்னும் கொஞ்சம் வெந்நீர். வாசனைக்காக துணி மிருதுவாக்கும் திரவம். இந்தத் திரவம் இழைமேல் மெழுகு மாதிரிப் படிந்து, வியர்வை பரவும் குணத்தைக் கெடுக்கிறது. சூடு எலாஸ்டேனைத் தளர்த்துகிறது. எந்தக் குணத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுத்தோமோ, அந்தக் குணத்தை நாமே வாளியில் முக்கிக் கொன்றுவிட்டு, ‘துணி சரியில்லை’ என்று அடுத்ததை ஆர்டர் செய்கிறோம்.

செம்மண் கறைக்கும் இதே கதைதான். அந்தச் சிவப்பு, மண்ணில் இருக்கும் இரும்பின் துரு. பிளீச்சிங் போட்டால் கறை போகாது, துணிதான் போகும். இடையஞ்சாவடிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டையைத் தேடிப் போவதில்லை. பழுப்பிலோ கறுப்பிலோ ஒன்றை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

சரி, அதிக விலை கொடுத்தால் அதிக நாள் உழைக்குமா? இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகமும் ‘ராப்’ என்கிற அமைப்பும் சேர்ந்து 47 டி-ஷர்ட்களைத் துவைத்து, தேய்த்து, இழுத்துச் சோதித்தார்கள். 2025-ல் முடிவைச் சொன்னார்கள். விலைக்கும் உழைப்புக்கும் நம்பும்படியான தொடர்பு இல்லை. பத்து பவுண்டுக்கும் குறைவான சில டி-ஷர்ட்கள், நாற்பது பவுண்டுக்கு மேல் விற்ற சிலவற்றைவிட நன்றாகத் தாங்கின. ‘விலை கொடுத்து நல்லதா வாங்கினா நிலைச்சு நிக்கும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதில் ‘நல்லதா’ என்பது உண்மை. ‘விலை கொடுத்து’ என்பது பாதிதான் உண்மை.

வரியைக்கூட இந்த இடத்தில் பார்த்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய்வரை உள்ள உடைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவிகிதம். அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். வரிக்கு முன் 2,500 ரூபாய் உடை 2,625-ல் முடியும். 2,600 ரூபாய் உடை 3,068-க்குப் போகும். நூறு ரூபாய் ‘கூடுதல் தரத்துக்கு’ நீங்கள் கொடுப்பது 443 ரூபாய். எம்.ஆர்.பி.யில் எல்லாம் அடங்கியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

*

நான் படித்தது பி.காம். அதில் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் துணிக்கு அப்படியே பொருந்தும். தேய்மானம். ஒரு மெஷின் வாங்கினால், அதன் விலையிலிருந்து கடைசியில் கிடைக்கும் எஞ்சிய மதிப்பைக் கழித்து, அது உழைக்கும் வருடங்களால் வகுக்க வேண்டும். அதுதான் உண்மையான வருடச் செலவு. மெஷினுக்குப் பதிலாக பேண்ட் என்று போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பதிலாக, போட்ட தடவைகள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். 600 ரூபாய் பேண்ட், 70 தடவை போட்டதும் தொடையில் தேய்ந்து போகிறது. ஒரு தடவைக்கு எட்டரை ரூபாய். 1,200 ரூபாய் ஆகும் கெட்டியான டிரில் துணி பேண்ட் 300 தடவை வருகிறது. நாலே ரூபாய். 3,000 ரூபாய் ஸ்ட்ரெச் பேண்ட் 200 தடவையில் முட்டி தொங்கிவிடுகிறது. பதினைந்து ரூபாய். ஜனவரி முதல் தேதி சபதம் எடுத்து 2,400 ரூபாய்க்கு டி-ஷர்ட் வாங்கி, பன்னிரண்டே நாள் ஜிம்முக்குப் போனவர் இருக்கிறாரே, அவருக்கு ஒரு நாளுக்கு இருநூறு ரூபாய். அந்த டி-ஷர்ட் கிழியவே கிழியாது. உழைத்தால்தானே கிழியும்?

இந்த வகுத்தல் தெரிந்துதான் முன்னோர்கள் தையல்காரரிடம், “உள்ளே துணி விட்டுத் தைங்க” என்றார்கள். இடுப்பில் ஒன்றரை அங்குலம் மடித்து விட்டிருப்பார். தொப்பை வளர வளரப் பிரித்துவிடலாம். இன்றைய ரெடிமேட் பேண்டில் அந்த மடிப்பு இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் பீரோவில் ஓய்வெடுக்கும் பேண்ட்கள் கிழிந்ததாலா ஓய்வெடுக்கின்றன? இடுப்பு பெருத்ததால்தானே?

வேலைக்கான உடையை விற்றுப் பெரிதானவர்களும் இந்தக் கணக்கில் பிறந்தவர்கள்தான். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் இருந்த தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், கூலி வேலை செய்பவர்களின் பேண்ட் எப்போதும் பாக்கெட் ஓரத்தில்தான் முதலில் கிழிகிறது என்று கண்டுபிடித்தார். அந்த மூலையில் செம்பு ரிவெட் அடித்தார். துணி சப்ளை செய்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டு சேர்த்துக்கொண்டு 1873 மே 20-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் ஜீன்ஸ். உழைப்பவனின் பேண்ட் சீக்கிரம் கிழியக் கூடாது என்பதற்காக வந்த உடுப்பு.

இன்று அதே ஜீன்ஸைத் தொழிற்சாலையிலேயே தேய்த்து, வெளுத்து, முட்டியில் கிழித்துக் கூடுதல் விலைக்குக் கொடுக்கிறார்கள். பி.காம். பாஷையில் சொன்னால், முதல் இரண்டு வருஷத் தேய்மானத்தைக் கம்பெனியே முடித்துவிட்டு, மிச்சத்தை நமக்குப் புதிது என்று விற்கிறது!

*

இப்போது அந்த உப்பளப் பெண்ணின் சட்டைக்கு வருவோம்.

புடவைமேல் ஆண் சட்டை என்றால் நமக்குச் சினிமா காமெடி ஞாபகம் வரும். ஆனால், அதைவிடக் கச்சிதமான வேலை உடுப்பை ஒரு டிசைனர் ரூம் போட்டு யோசித்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். முழுக்கை, மணிக்கட்டுவரை வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தடுக்கிறது. காலர் கழுத்தைக் காக்கிறது. முன்பக்கம் பட்டன் என்பதால் தலைச்சுமை இறக்கிய மறுநிமிஷம் கழற்றி உதறலாம். சாதாரணச் சட்டையின் பட்டன் பிளாஸ்டிக் என்பதால் துருப்பிடிக்காது. இதே இடத்தில் ஜிப்போ, இரும்புப் பிரஸ் பட்டனோ இருந்தால் உப்புக் காற்று அதைச் சீக்கிரமே தின்றுவிடும்.

துணியிலும் கணக்கு இருக்கிறது. பருத்தி நனைந்தால் பலம் கூடும். ரேயான் நேர் எதிர். நனைந்தால் ஏறத்தாழ பாதிப் பலத்தை இழந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேயான் குர்த்தியைப் போட்டுக்கொண்டு ஈரத்தில் வேலை செய்தால் எத்தனை நாள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டெரிகாட்டன் சட்டை என்றால் இன்னும் நல்லது. தேய்மானத்தையும் தாங்கும், சீக்கிரம் காயவும் செய்யும். சீருடைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர், ஒரு பங்கு பருத்தி என்று வைப்பது இதனால்தான்.

ஆக, உடை விஷயத்தில் விவரமானவர் அந்தப் பெண்தான். ஒரு சின்ன கேள்வி பாக்கி. அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது?

கடையிலிருந்து புதிதாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. வீட்டுக்காரர் போட்டுப் பழசானதாக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஓர் ஆபீஸ்காரர் போட்டுப் பழசானது. யாரோ ஒருவரின் ஆபீஸ் சட்டை, இரண்டாவது ஆயுளில் உப்பளத்துக்கு வந்து உழைத்துக்கொண்டிருக்கிறது.

நம் சிக்கனக் கட்டுரைகள் தவறவிடுகிற இடம் இதுதான். தேய்மானக் கணக்கில் ‘எஞ்சிய மதிப்பு’ என்று ஒரு வரி சொன்னேன் அல்லவா? நம் ஊரில் அது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. தெருவில் “பழைய துணிக்கு பாத்திரேம்...” என்று கூவிக்கொண்டு வருவார்கள். நாலு பழைய பேண்டைப் போட்டால் ஓர் எவர்சில்வர் கிண்ணம். ஒரு பட்டுப்புடவைக்குக் குடம். வீட்டுப் பெண்கள் அந்தப் பேரத்தில் காட்டிய திறமையை நான் படித்த காலேஜில் எந்த புரொஃபசரும் காட்டியதில்லை. அப்படிப் போன துணி இன்னொருவர் உடம்பில் உழைத்தது. அங்கும் கிழிந்த பிறகு கரித்துணியாக, குழந்தைக்கு விரிப்பாக, பட்டறையில் கிரீஸ் துடைக்கும் துணியாக உழைத்தது.

இப்போது ஆறே மாதத்தில் முட்டி தொங்கும் ஸ்ட்ரெச் பேண்டையும், வாடை போகாத ஜிம் டி-ஷர்ட்டையும் யாருக்குக் கொடுப்பீர்கள்? உப்பளத்துக்கு உதவாது. அரைக்கை, மெல்லிய துணி, காலர் இல்லை. கிழித்துத் தரை துடைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தண்ணீரைக் குடிக்காத துணி எப்படித் துடைக்கும்? பட்டறைக்காரர்கூட ‘பனியன் வேஸ்ட்’ என்றால் பருத்தியைத்தான் கேட்பார்.

எஞ்சிய மதிப்பு பூஜ்யம். இந்த நஷ்டம் நம் கணக்கில் வருவதில்லை. அடுத்து அந்தச் சட்டையைப் போட்டிருக்க வேண்டியவர் கணக்கில் போய் விழுகிறது. இதுவரை சும்மா கிடைத்த முழுக்கைச் சட்டையை, இனி அவர் கூலியிலிருந்து வாங்க வேண்டும்.

‘அதான் மூட்டை மூட்டையாகத் தானம் பண்றோமே சார்’ என்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு அப்படித்தான் லாரி லாரியாக வந்தது. எதற்கும் உதவாத துணிகள் தெருவோரங்களில் குவிந்து கிடந்ததை நாகப்பட்டினம் பக்கம் இருந்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மீனவப் பெண்ணுக்குக் குளிர்கால ஸ்வெட்டர் எதற்கு? அன்ஷு குப்தா 1999-ல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, தமிழக அரசோடு சேர்ந்து அந்தக் குவியலைப் பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றுகிற வேலையைச் செய்தது. பருத்தியாக இருந்ததை மாதவிடாய்த் துணியாகக்கூட மாற்ற முடிந்தது. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. அதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. துணியைக் கொடுப்பது தானம் இல்லை. உழைக்கிற துணியைக் கொடுப்பதுதான் தானம். மற்றதெல்லாம் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது.

*

இன்னும் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் நான் குறை சொன்ன பட்டியலில் சேர்ந்துவிடும்.

மேலே ஒரு வகுத்தல் போட்டேனே, 1,200 ரூபாய் பேண்ட் 300 தடவை வரும் என்று. அந்தக் கணக்கு, கையில் 1,200 ரூபாய் இருப்பவருக்குத்தான். தினக்கூலிக்காரருக்கு இந்த வகுத்தல் தெரியாமல் இல்லை. மொத்தமாகப் பணம்தான் இல்லை. அதனால் அவர் 600 ரூபாய் பேண்டை வருஷத்துக்கு இரண்டு முறை வாங்குகிறார். ரப்பர் செருப்பு உப்புத் தண்ணீரில் அறுந்தால், இன்னொரு ரப்பர் செருப்பு. கெட்டியான ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினால் பல செருப்புக்கு ஈடாகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால், ரேஷனுக்கும் பள்ளிக்கூட நோட்டுக்கும் போன பிறகு, பூட்ஸுக்கு எந்த வாரம் மிஞ்சும்? அதிலும் மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும். கூலியும் கிடையாது. ஏழைக்கு எல்லாமே விலை அதிகம். சில்லறையாகக் கொடுப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவருக்குப் போய் ‘தரமானதாகப் பார்த்து வாங்குங்கள்’ என்று யோசனை சொல்வது சிக்கனம் இல்லை, கிண்டல்.

யார் செலவு அது? வேலைக்குத் தேவையான பூட்ஸ், கையுறை, கண் கூசாமல் இருக்கக் கண்ணாடி, இதெல்லாம் உற்பத்திச் செலவு. முதலாளியின் லெட்ஜரில், பம்பு செட்டுக்கு டீசல் என்று எழுதுகிற அதே பக்கத்தில் வர வேண்டிய வரி. தொழிலாளியின் வீட்டு பட்ஜெட்டில் அதை எழுதிவைத்திருக்கிறோம். அரசாங்கத்துக்கு இந்த நியாயம் புரியாமல் இல்லை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல், சீருடை அணியும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ‘டிரெஸ் அலவன்ஸ்’ என்று, பிரிவைப் பொறுத்து, வருஷத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய்வரை நிர்ணயித்தார்கள். விலைவாசிக்கு ஏற்ப அது உயரவும் வழி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஏ.சி. அறை வாசலில் நிற்கிற சீருடை தேயும் என்று தெரிகிற நமக்கு, உப்புப் பாத்தியில் நிற்கிற சட்டை தேயும் என்பது மட்டும் ஏன் தெரியவில்லை?

மொத்தமாகச் செய்தால் இது முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புவரை வருஷத்துக்கு நான்கு செட் சீருடை இலவசமாகக் கொடுக்கிறோம். துணி மொத்தமாக வருகிறது, பெண்களின் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்யத் தெரிந்த மாநிலத்துக்கு, உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு இரண்டு முழுக்கை டிரில் சட்டை தைக்கத் தெரியாதா? அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஈரோடு சந்தையில் மொத்தமாக டிரில் துணி எடுத்து, ஊரிலேயே தைத்து, வாரத் தவணையில் கொடுக்கலாம். மொத்தப் பணம் இல்லாதவருக்கும் வகுத்தல் கணக்கு அப்போதுதான் பலிக்கும்.

*

சரி, நீங்களும் நானும் என்ன செய்வது?

வாங்குமுன் துணியை உள்பக்கம் திருப்புங்கள். பேண்டில் கவட்டைத் தையல் இரட்டையா, மூன்றா என்று பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் வைத்துவிடுங்கள். டி-ஷர்ட்டில் ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140-ஐவிட 180 கெட்டி. எண் தெரியாவிட்டால், குறுக்கே இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பாத துணி வீட்டில் வந்தா திருந்தப் போகிறது? பக்கவாட்டுத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். கடையிலேயே வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், நாலு சலவையில் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிடும். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போனால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மலிவாகக் கிடைக்கும். லேபிளை நம்பாமல் இந்தச் சோதனைகளை நம்பினால் ஏமாற மாட்டீர்கள்.

அரை மணி நேர வாக்கிங்குக்குத் தனி உடுப்பே வேண்டாம். பழைய பருத்தி டி-ஷர்ட் போதும். மணிக்கணக்கில் ஓடுகிறவர் மட்டும் பாலியஸ்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்ததும் மூட்டை கட்டிவைக்காமல், உடனே சாதாத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். வியர்வை உப்பு இழைக்குள் காய்ந்து மணல் மாதிரி அரிக்காமல் இருக்கும். சோப்பைக் குறையுங்கள், மிருதுவாக்கியை விடுங்கள்.

ஆபீஸ் சட்டை வாங்கும்போது மட்டும் ஒரு கணம் அதிகமாக யோசியுங்கள். முடிந்தால் முழுக்கை, பருத்தி அல்லது டெரிகாட்டன், நல்ல காலர். உங்கள் உடம்பில் மூன்று வருஷம், அதன் பிறகு வேறொருவர் உடம்பில் வெயிலைத் தடுத்து ஒரு வருஷம். கொடுக்கும்போது துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். பட்டன் இல்லாத சட்டை உப்பளத்தில் வேலைக்கு ஆகாது.

அந்தப் பழைய கேள்வியையும் திரும்பக் கேட்க ஆரம்பிப்போம். ‘நல்லா உழைக்குமா?’ என்று துணியைப் பார்த்துக் கேட்கலாம். கூடவே, ‘யாருக்கெல்லாம் உழைக்கும்?’ என்றும்.